லாங்சோர்டுக்கு ஏன் எட்டுப் பக்கப் பகடை? மேசை விளையாட்டின் வாள் விதிகளும் நிஜ வாள்களும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலில் ஆயுதங்களுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. புதிதாக ஆட வருகிறவர்கள் முதலில் விரல் வைத்துப் படிக்கும் பக்கம் பெரும்பாலும் அதுதான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் லாங்சோர்ட், அதாவது நீள்வாள், என்ற வரியை எடுத்துக்கொள்வோம். விலை 15 பொற்காசு. எடை 3 பவுண்டு. சேதம் 1டி8, வகை வெட்டு. இரண்டு கையாலும் பிடித்தால் 1டி10. ஒரு வாளைப் பற்றி அந்த அட்டவணை சொல்வது இவ்வளவுதான். இந்த ஒற்றை வரி நிஜ வாளோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்த வகை விளையாட்டே புதிது என்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவார்கள். ஒருவர் மட்டும் கதையின் உலகத்தையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்வார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். ஒரு செயல் பலிக்குமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். 1டி8 என்றால் எட்டுப் பக்கப் பகடை ஒன்று, 2டி6 என்றால் ஆறு பக்கப் பகடை இரண்டு.

சண்டை இப்படி நடக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆர்மர் கிளாஸ் என்ற ஓர் எண் உண்டு. அடிக்கிறவர் இருபது பக்கப் பகடையை உருட்டி, தன் உடல்பலத்துக்கும் பயிற்சிக்கும் உரிய எண்களை அதோடு கூட்டுவார். கூட்டுத்தொகை எதிராளியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி விழுந்தது. அப்புறம் சேதப் பகடையை உருட்டி, வந்த எண்ணை எதிராளியின் ஹிட் பாயின்டிலிருந்து கழிப்பார்கள். ஹிட் பாயின்ட் பூஜ்யமானால் ஆள் விழுந்தான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் நிலைப் போர்வீரன் ஒருவனுக்குப் பலத்தால் 3, பயிற்சியால் 2, மொத்தம் 5 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு சாதாரணக் குடியானவன். அவனுடைய ஆர்மர் கிளாஸ் 10, ஹிட் பாயின்ட் 4. வீரன் பகடையில் 5 அல்லது அதற்கு மேல் போட்டால் போதும், அதாவது 80 சதவீத வாய்ப்பு. சேதம் 1டி8-உடன் 3. குறைந்தபட்சமே 4 வந்துவிடுவதால், அடி விழுந்தால் குடியானவன் நிச்சயம் சாய்வான். அதே வீரனுக்கு எதிரே தகட்டுக் கவசம் அணிந்த நைட் நின்றால் கதை வேறு. ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயின்ட் 52. அடி விழும் வாய்ப்பு 40 சதவீதம். ஓர் அடிக்குச் சராசரியாக 7.5 போகும். ஆக, ஏழு முறை வாள் அவன் மேல் விழுந்தாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கவசம் என்ன வேலை செய்கிறது என்பதை. அது அடி விழும் வாய்ப்பைக் குறைக்கிறது. விழுந்த அடியின் வேகத்தைக் குறைப்பதில்லை. துணி உடுத்தியவன் மேலும் எஃகு உடுத்தியவன் மேலும் வாள் விழுந்தால் உருளுவது ஒரே எட்டுப் பக்கப் பகடைதான். நிஜ வாளிலிருந்து விளையாட்டு விலகும் முதல் இடம் இது. பிற விலகல்களில் பெரும்பாலானவை இதையொட்டி வருபவை.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் கோபம் வராது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் செயின்மெயில் என்ற போர் விளையாட்டை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடுவது அது. தனி ஆளுக்குத் தனி ஆள் மோதும் சண்டைக்கு அதில் ஓர் அட்டவணை இருந்தது. ஒரு பக்கம் ஆயுதம், மறு பக்கம் கவசம். இந்த ஆயுதம் இந்தக் கவசத்தைத் தாக்க இரண்டு பகடையில் இவ்வளவு வர வேண்டும் என்று அது சொல்லும். வந்தால் எதிராளி செத்தான். ஹிட் பாயின்ட் எல்லாம் கிடையாது. கட்டாரி தகட்டுக் கவசத்தின் முன் திணறும், கனமான ஆயுதங்கள் திணறாது. நிஜத்துக்கு அது ஓரளவு நெருக்கமாகவே இருந்தது.

மூன்று வருடம் கழித்து, 1974-ல், கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது இருபது பக்கப் பகடை முறையும் ஹிட் பாயின்டும் வந்தன. அந்த முதல் பெட்டியில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே சேதம், ஆறு பக்கப் பகடை ஒன்று. கட்டாரியும் 1டி6, இரண்டு கை வாளும் 1டி6. மறு வருடமே வந்த கிரேஹாக் என்ற துணைநூல்தான் அதை மாற்றியது. கட்டாரிக்கு நான்கு பக்கப் பகடை, வாளுக்கு எட்டு, இரண்டு கை வாளுக்குப் பத்து. லாங்சோர்டின் அந்த எட்டு இன்றுவரை அப்படியே நிற்கிறது.

1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பு, எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின் மேல் எவ்வளவு கூடும், குறையும் என்று ஒரு நீண்ட பட்டியலையும் கொடுத்துப் பார்த்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பட்டியலைத் தேட வேண்டியிருந்ததால் பல மேசைகள் அதை ஒதுக்கிவிட்டன. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது இல்லவே இல்லை. கவசத்தோடு இருந்த உறவு போய்விட்டால், ஒரு வாளை இன்னொரு வாளிலிருந்து பிரித்துக் காட்ட மிஞ்சுவது சேதப் பகடை மட்டும்தான். என் பார்வையில் இந்த அட்டவணையின் கதையே அதுதான்: வாள்களுக்குள் இருந்த வேறுபாடு முழுவதும் 'எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும்' என்ற ஒரே கேள்விக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நிஜத்தில் வாள்கள் அந்தக் கேள்விக்காக வேறுபடவில்லை. கூரான எந்த வாளும், கவசமில்லாத உடம்பில் சரியாகப் பட்டால், ஆளைக் கொல்லப் போதுமானது. எதிரி என்ன உடுத்தியிருக்கிறான், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், நம் இன்னொரு கையில் என்ன இருக்கிறது, நாள் முழுக்க இடுப்பில் எதைச் சுமக்க முடியும் என்பவைதான் ஒரு வாளின் வடிவத்தை முடிவு செய்தன.

எடையை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. 1978 பதிப்பில் எடையைப் பொற்காசுக் கணக்கில் போட்டிருந்தார்கள். பத்து காசு ஒரு பவுண்டு. இரண்டு கை வாளுக்கு 250 காசு, அதாவது 25 பவுண்டு, 11 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு யாராலும் சண்டை போட முடியாது. 1989-ல் இரண்டாம் பதிப்பில் அது 15 பவுண்டாக இறங்கியது, 2003 திருத்தப் பதிப்பில் 8, 2014-ல் 6. ஆறு பவுண்டு என்பது சுமார் 2.7 கிலோ. 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் போருக்குப் பயன்பட்ட இரண்டு கை வாள்கள் 2 முதல் 3.5 கிலோ வரை இருந்தன. விதிநூல் அருங்காட்சியகத் தராசை எட்ட 36 வருடம் ஆனது என்று சொல்லலாம். லாங்சோர்டும் அப்படித்தான். 6 பவுண்டில் தொடங்கி 3 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோவுக்கு வந்தது. இது நிஜ அளவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கை வாள்கள் பெரும்பாலும் ஒன்று முதல் 1.3 கிலோ, நீண்ட பிடி வைத்தவை 1.2 முதல் 1.8 கிலோ. ஊர்வலத்தில் ஏந்திச் செல்லவென்றே செய்த அலங்கார வாள்கள் உண்டு. அவை இதைவிடக் கனமானவை, சண்டைக்கு உரியவை அல்ல. அந்தக் கால வாள் என்றாலே இரும்புத் தூண் போல இருக்கும் என்ற எண்ணம் பரவியதில் அவற்றுக்கும் பங்குண்டு.

இனி கவசம். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நிறுத்தி நிதானமாகவே பார்ப்போம்.

11, 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர்வீரனின் கவசம் சங்கிலி வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை. இடக்கையில் பெரிய கேடயம். வலக்கையில் ஒரு கை வாள். அந்த வாளின் அலகு அகலமாக, இரு பக்கமும் ஏறக்குறைய இணையாக, நடுவில் நீண்ட பள்ளத்தோடு இருக்கும். வெட்டுவதற்கான வடிவம் அது. இடைக்கால வாள்களை அலகின் வடிவத்தை வைத்து வகைப்படுத்தியவர் ஆங்கிலேய ஆய்வாளர் எவார்ட் ஓக்‌ஷாட். அவருடைய வகைப்பாடு ரோமன் எண் பத்தில் தொடங்குகிறது. இந்த அகன்ற வாள்தான் அந்தப் பத்து.

14-ஆம் நூற்றாண்டில் எஃகுத் தகடுகள் உடம்பின் ஒவ்வொரு பகுதியாக மூடத் தொடங்கின. 15-ஆம் நூற்றாண்டில் தலை முதல் கால் வரை தகடு. முழுக் கவசத்தின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ, உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் அதோடு ஓடலாம், குதிரை ஏறலாம். அந்த வளைந்த எஃகின் மேல் வாளால் ஓங்கி வெட்டினால் வாள் வழுக்கிப் போகும், அல்லது கூர் மழுங்கும். உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு வாள் கண்ட விடைதான் அருமையானது. கவசமே உடம்பைக் காப்பதால் தரையில் நின்று போரிடுகிறவனுக்குக் கேடயம் தேவையில்லாமல் போனது. இடக்கை விடுதலையானது. பிடி நீண்டது, இரு கையும் வாளுக்கு வந்தன. அலகு குறுகி, முனையை நோக்கிக் கூம்பி, குறுக்கே வெட்டிப் பார்த்தால் வைர வடிவில், வளையாத விறைப்போடு மாறியது. ஓக்‌ஷாட்டின் பதினைந்தாம் வகை அப்படிப்பட்டது. வெட்ட அல்ல, இடுக்கு பார்த்துக் குத்த.

எப்படிக் குத்தினார்கள் என்பதற்கு எழுத்திலும் ஓவியத்திலும் சான்று இருக்கிறது. இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே தே லிபெரி 1410-ஐ ஒட்டி எழுதிய படவிளக்க நூலில், கவசம் அணிந்த இருவர் மோதும் பக்கங்களைப் பார்த்தால் முதலில் திகைப்பாக இருக்கும். வலக்கை பிடியில் இருக்கும். இடக்கை அலகின் நடுவைப் பற்றியிருக்கும். வாள் இப்போது ஒரு குட்டி ஈட்டி. முனையை அக்குளிலோ, முகமூடியின் கண் இடுக்கிலோ, தொடை மடிப்பிலோ செருகி, உடம்பின் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளலாம். எதிராளியின் கழுத்தில் வாளைக் குறுக்கே போட்டுக் கீழே சாய்க்கலாம். ஜெர்மன் ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467-ஆம் வருடக் கையெழுத்துப் படியில் இன்னொரு வித்தை. இரண்டு கையாலும் அலகைப் பிடித்து, வாளைத் தலைகீழாக்கி, குறுக்குக் காப்பாலும் பிடியின் குமிழாலும் சுத்தியல் போல அடிப்பது. மோர்ட்ஹௌ என்பார்கள். கூர்மையான அலகை வெறுங்கையால் பிடித்தால் கை அறுபடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். உறுதியாக, வழுக்காமல் பற்றினால் அறுபடாது. தோலின் மேல் கூர் இழுபட்டால்தான் வெட்டும். இன்று இந்த நூல்களை வைத்துப் பழைய வாள்கலையை மீட்டுப் பயிலும் ஹெமா குழுக்கள் இதைச் செய்து காட்டுகின்றன.

இந்த வரலாற்றோடு விளையாட்டின் கணக்கை ஒப்பிடுங்கள். ஐந்தாம் பதிப்பில் தகட்டுக் கவசம் ஆர்மர் கிளாஸ் 18. கேடயம் எடுத்தால் கூட 2, ஆக 20. அதாவது எதிரியின் அடி விழும் வாய்ப்பு பத்து சதவீதப் புள்ளி குறையும். கேடயத்தை விட்டுவிட்டு லாங்சோர்டை இரு கையால் பிடித்தால் 1டி8 என்பது 1டி10 ஆகும். சராசரி 4.5-லிருந்து 5.5. ஓர் அடிக்கு ஒரே ஒரு புள்ளிதான் லாபம். கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் கேடயத்தைத்தான் எடுப்பார், தகட்டுக் கவசத்தோடும் எடுப்பார். வரலாற்றில் தகட்டுக் கவசம் வந்ததும் கேடயம் போனது. விளையாட்டில் கவசமும் கேடயமும் ஒன்றோடொன்று கூட்டிக்கொள்ளும் எண்கள். இரு கை வாள் ஏன் பிறந்தது என்ற காரணமே அந்தக் கூட்டலில் தொலைந்துவிடுகிறது.

கைகாக்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் நூலில், ஹிட் பாயின்ட் என்பது சதை தாங்கும் அளவு மட்டுமல்ல, திறமை, அதிர்ஷ்டம், கடைசி நொடியில் விலகும் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்தது என்று விளக்கியிருக்கிறார். அப்போது ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் பல வீச்சும் தடுப்பும் நடக்கும், பகடை அவற்றின் மொத்த விளைவை மட்டும் சொல்லும். அந்த வாதம் நியாயமானது. 'அடி விழுந்தது' என்றால் இடுக்கு கிடைத்தது என்று அர்த்தம் கொள்ளலாம். ஆனால் இன்று ஒரு சுற்று ஆறு நொடி. ஒரு பகடை, ஒரு வீச்சு என்றுதான் மேசையில் எல்லோரும் கற்பனை செய்கிறோம். விளக்கம் பழையதாகவே நிற்க, நேரம் மட்டும் சுருங்கிவிட்டது.

கவசத்தைப் பற்றி இன்னொன்று. அட்டவணையில் 'ஸ்டட்டட் லெதர்' என்று தோல் சட்டையில் குமிழ் ஆணி அடித்த கவசம் இருக்கும். பிரிகண்டைன் என்ற கவசத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது அது என்பதுதான் பரவலான கருத்து. பிரிகண்டைனில் வெளியே தெரிவது ஆணித் தலைகள். அந்த ஆணிகள் உள்ளே இருக்கும் எஃகுத் தகடுகளைப் பிடித்திருக்கும். தகடு இல்லாமல் ஆணி மட்டும் எந்த வாளையும் தடுக்காது.

தூரத்துக்கு வருவோம். ஐந்தாம் பதிப்பில் கட்டாரியும் லாங்சோர்டும் ஈட்டியும் எட்டுவது ஒரே ஐந்தடி. நீண்ட கழி வைத்த சில ஆயுதங்களுக்கு மட்டும் பத்தடி. வாள் கையில் எடுத்துப் பயின்றவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது தூரத்தைத்தான். எதிராளியின் முனை என்னைத் தொடும் தூரத்துக்குள் நான் எப்போது நுழைகிறேன், நுழையும் அந்தக் கணத்தில் என் வாள் எங்கே இருக்கிறது என்பதே சண்டை. எதிராளியின் ஆயுதம் ஒரு சாண் நீளம் கூடினாலும், அந்த ஒரு சாணைத் தாண்டும்போது நான் மட்டும்தான் ஆபத்தில் இருக்கிறேன். 1599-ல் ஆங்கில வாள்வீரர் ஜார்ஜ் சில்வர் ஆயுதங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு எழுதியபோது, எட்டு ஒன்பது அடி நீளமுள்ள சாதாரண மரக்கழியை வாளுக்கு மேலே வைத்தார். ஒற்றைக்கு ஒற்றை மோதலில் ஈட்டிக்காரன் வாள்காரனை வெல்வது பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டியதே. விதிநூலில் ஈட்டி 1டி6, விலை ஒரு பொற்காசு, பணமில்லாதவன் ஆயுதம். மலிவு என்பது உண்மை. பலவீனம் என்பது உண்மையில்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் வாள் வைத்திருந்தார்கள்? இடுப்பில் தொங்கவிடலாம், இரு கையும் சும்மா இருக்கும். குதிரையில் போகலாம், கோயிலுக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம். ஈட்டி உடைந்தாலோ நெருக்கத்தில் பயன்படாமல் போனாலோ உருவிக்கொள்ளலாம். போர்க்களத்தில் வாள் பலருக்கு இரண்டாவது ஆயுதம். எப்போதும் உடன் இருப்பதே அதன் பெரிய பலம். பாத்திரங்கள் நாள் முழுக்க முழுக் கவசத்தோடும் ஆளுயரக் கோடரியோடும் சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் விளையாட்டில் இந்தப் பலம் கண்ணில் படாது.

நீண்டு ஒடுங்கிய அலகுள்ள குத்து வாளான ரேப்பியரிலும் இதே சிக்கல். விதியில் அது 1டி8 குத்து, 2 பவுண்டு, பலத்துக்குப் பதில் சுறுசுறுப்பைக் கொண்டு வீசலாம். மெலிந்த, வேகமான ஆளின் ஆயுதம் என்ற கற்பனை அதற்குப் பின்னால் இருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டு ரேப்பியர்கள் பல ஒன்று முதல் 1.3 கிலோ. ஒரு கை வாளுக்குக் கொஞ்சமும் இளைத்தவை அல்ல. அலகு ஒரு மீட்டரைத் தாண்டும். நீட்டிப் பிடித்தபடி நிற்க முன்னங்கையில் நல்ல பலம் வேண்டும். அதன் நிஜமான சிறப்பு அந்த நீளமும், விரல்களைச் சுற்றி நிற்கும் காப்பும். விளையாட்டு அந்த இரண்டையும் விட்டுவிட்டு, அதனிடம் இல்லாத லேசை மட்டும் கொடுத்திருக்கிறது. வில்லும் இப்படித்தான் ஏமாற்றும். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நீள்விற்களை வளைக்க 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை தேவைப்பட்டிருக்கும். விதிப்படி அதற்கும் சுறுசுறுப்பு போதும்.

வளைந்த வாள்களுக்கும் பெரிய நியாயம் நடக்கவில்லை. சிமிட்டார் என்ற ஒரே பெயரில் பாரசீக ஷம்ஷீரும் துருக்கியக் கிலிஜும் அடங்கி, 1டி6 என்று ஷார்ட்சோர்ட் என்ற குட்டை வாளுக்குச் சமமாக நிற்கின்றன. அவை நேர் வாள்களுக்கு நிகரான முழு நீள வாள்கள், குதிரை மேலிருந்து வெட்டுவதற்குப் பேர் போனவை. ஜப்பானியக் கட்டானாவை லாங்சோர்டாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐந்தாம் பதிப்பு. அது எனக்குச் சரியென்றே படுகிறது. இரு கை வாள், ஏறத்தாழ அதே எடை.

நம் பக்கத்து ஆயுதம் ஒன்று இந்த அட்டவணைகளில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் பதிப்பில் குத்துக் கட்டாரி வருகிறது. கைமுட்டிக்குள் குறுக்குப் பிடியைப் பற்றி, முன்னங்கையின் நேர்கோட்டிலேயே அலகு நிற்கும் ஆயுதம். தென்னிந்தியாவில் விஜயநகரக் காலத்திலிருந்து அறியப்படுவது. தஞ்சாவூர் ஆயுதசாலையைச் சேர்ந்தவை இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதற்கு விதி கொடுத்தது 1டி4, சாதாரணக் கட்டாரி அளவே. ஆனால் உச்ச அடி விழுந்தால் இரட்டிப்புக்குப் பதில் சேதம் மும்மடங்கு. பெரும்பாலும் சின்னக் காயம், சரியாக இறங்கினால் முழு உடம்பின் பலமும் முனையில் இறங்கும் என்ற அதன் இயல்பை அந்த ஒரே எண் நன்றாகப் பிடித்திருக்கிறது. அட்டவணை முறையாலும் நல்ல வேலை செய்ய முடியும் என்பதற்கு இதை நான் அடிக்கடி உதாரணமாகச் சொல்வேன்.

வேறு விளையாட்டுகள் வேறுபாட்டை வேறு இடத்தில் வைத்துப் பார்த்திருக்கின்றன. 1978-ல் வந்த ரூன்குவெஸ்டில் கவசம் சேதத்திலிருந்து கழியும், அடி உடம்பில் எங்கே விழுந்தது என்று தனிப் பகடை சொல்லும், தடுப்பதற்கும் பகடை உண்டு. அதை எழுதியவர்களில் முதன்மையான ஸ்டீவ் பெரின், இடைக்காலச் சண்டையைக் கவசம் போட்டு நிஜமாகவே ஆடிய எஸ்சிஏ அமைப்பின் தொடக்கக்கால உறுப்பினர். அந்த அனுபவம் விதியில் தெரிகிறது. உடம்பின் இடம் முக்கியமா என்று கேட்டால், ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் 1361-ல் நடந்த விஸ்பி போரின் புதைகுழிகள் பதில் சொல்லும். அங்கே கிடைத்த எலும்புகளில் வெட்டுக்காயங்கள் கீழ்க்காலில் மிகுதி. கேடயமும் சட்டையும் மறைக்காத இடம் அது.

1986-ல் வந்த கர்ப்ஸ் ஒரு சுற்றை ஒரு நொடியாக்கியது. அதில் கவசத்தைத் தாண்டிப் போன சேதம் மட்டும்தான் கணக்கு. வெட்டாக இருந்தால் அது ஒன்றரை மடங்கு, உடலில் இறங்கிய குத்தாக இருந்தால் இரு மடங்கு. அதனால் கவசமில்லாதவனை வெட்டுவதும் கவசக்காரனின் இடுக்கில் குத்துவதும் தனித்தனி முடிவுகளாகின்றன. 1985-ல் வந்த ஆர்தர் மன்னர் காலத்து விளையாட்டான பென்டிராகன் எதிர்த்திசையில் போனது. அதில் அடியின் வலு பெரும்பாலும் அடிக்கிறவன் உடம்பைப் பொறுத்தது. இருவர் பகடையும் சமமாக விழுந்தால் வாள் மற்ற ஆயுதத்தை உடைத்துவிடும். யதார்த்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாளுக்கு அந்தக் கதைகளில் இருந்த மரியாதையை அது விதியாக்கியது. 2002-ல் வந்த தி ரிடில் ஆஃப் ஸ்டீல்தான் ஹெமாவுக்கு மிக அருகில் வந்தது. கையில் ஒரு குவியல் பகடை, அதைத் தாக்கவும் காக்கவும் நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால் இருவரும் சாகலாம். அப்படி ஒரு விதி இருந்தால் ஆட்டக்காரர்கள் வாளை உருவும் முன் பேசிப் பார்க்கத் தொடங்குகிறார்கள், நிஜ மனிதர்கள் செய்தது போலவே.

2024-ல் திருத்தப்பட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் சேதப் பகடைக்கு வெளியே வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனித் திறன். லாங்சோர்ட் பட்டால் எதிராளியின் அடுத்த தாக்குதல் தடுமாறும். கிரேட்சோர்ட் என்ற இரண்டு கை வாள் தவறினாலும் கொஞ்சம் சேதம் உண்டு. போர்ச்சுத்தியல் ஆளைப் பின்னால் தள்ளும். வரலாற்றுப் பாடமாக இவற்றை எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஆயுதத்தை மாற்றினால் சண்டையின் போக்கு மாறுகிறது. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் சிக்கிக்கிடந்த வேறுபாடு கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது.

சரி, ஐந்தாம் பதிப்பை விடாமலே கொஞ்சம் நிஜத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால்? விதிநூலைத் திருப்பி எழுத வேண்டாம். கூடுதல் கணக்கு போட வைக்கும் எந்த மாற்றமும் 1978 பட்டியலைப் போலத்தான் ஒதுக்கப்படும். எனக்கு இரண்டு சின்ன மாற்றங்கள் போதும். ஒன்று, ஈட்டி போன்ற நீண்ட ஆயுதம் வைத்திருப்பவனை நோக்கிக் குட்டை ஆயுதத்தோடு முதன்முறை நெருங்குகிறவன் மேல், ஈட்டிக்காரனுக்கு ஒரு முந்திய அடி. எதிர்வினையாக ஒரு முறை, அவ்வளவுதான். இதனால் ஈட்டி உடனே மதிப்புப் பெறும், கேடயத்துக்கும் ஒரு காரணம் கிடைக்கும், பக்கவாட்டில் சுற்றி வர ஆட்டக்காரர்கள் தாங்களே யோசிப்பார்கள்.

இன்னொன்று, லாங்சோர்டின் சேத வகையை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளட்டும். வெட்டு அல்லது குத்து என்றால் வழக்கமான பகடை. அலகைப் பிடித்துக் குமிழால் அடித்தால், இரு கையும் தேவை, 1டி6 அடி வகைச் சேதம், அதாவது சுத்தியல் போல மொத்துவது. ஐந்தாம் பதிப்பில் எலும்புக்கூட்டு எதிரிகளுக்கு அடி வகைச் சேதம் இரட்டிப்பாகும். பாழடைந்த கல்லறைக்குள் லாங்சோர்ட் மட்டும் வைத்திருக்கும் வீரன், வாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து டால்ஹோஃபரின் அடியை அடித்தால், எட்டுப் பக்கப் பகடையை விட இந்த ஆறு பக்கப் பகடை அங்கே அதிகம் வேலை செய்யும்.